சொந்தத் தொழிலில் இறங்குமுன் பார்க்க வேண்டிய கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அண்மைக் காலமாகப் பத்திரிகைகளிலும் வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிலும், மாதச் சம்பளத்தை விட்டுவிட்டுச் சொந்தத் தொழிலில் இறங்கி முன்னேறியவர்களின் பேட்டிகள் தொடர்ந்து வந்துகொண்டிருக்கின்றன. அவற்றை நான் விரும்பி வாசிப்பவன். நம் பிள்ளைகள் வெளிநாடு ஒன்றையே குறியாகக் கொண்டிருக்கும் காலத்தில், இங்கேயே ஒரு தொழிலைக் கட்டியெழுப்பலாம் என்ற எண்ணத்தை ஊட்டுவது நல்ல பணி. ஆனால் அந்தப் பேட்டிகளில் 'துணிந்து இறங்கினேன்' என்ற வசனம் வரும் இடத்தில், இறங்குவதற்கு முந்திய மாதங்களில் அவர் என்ன கணக்குப் பார்த்தார், யாருடைய பணத்தைப் போட்டார், வீட்டுக்குச் சம்பளமே வராத மாதங்களை எப்படிக் கடந்தார் என்ற விபரங்கள் பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றன. கொழும்பு, கொட்டாஞ்சேனையில் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் தொழிலில் நீண்டகாலம் இருப்பவன் என்ற முறையில், விடுபட்டுப் போகும் அந்தப் பகுதியைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

தொழில் தொடங்கும் எண்ணத்துடன் என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, பெயரைப் பதிவு செய்வது எப்படி என்பதுதான். உள்ளவற்றில் இலகுவான வேலை அது. தனி ஒருவரின் வியாபாரமோ கூட்டு வியாபாரமோ என்றால், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலுடன் பிரதேச செயலகத்தின் ஊடாக வியாபாரப் பெயரைப் பதியலாம். கம்பனி என்றால் 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ், கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் இணையவழியாகவே பதிந்துகொள்ளலாம். மாநகர சபையின் அனுமதிப்பத்திரம், உணவுக் கடையானால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பார்வை, உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் வரி இலக்கம் என்று இன்னும் சில படிகள் உண்டு. அலைச்சல் இருந்தாலும் முடித்துவிடக்கூடியவை இவை. பதிவுப் பத்திரம் கைக்கு வந்ததுமே தொழில் தொடங்கிவிட்டதாக எண்ணி, மறுவாரமே வேலையிலிருந்து விலகும் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வருபவர்களைக் காணும்போதுதான் எனக்குக் கவலை உண்டாகிறது. வியாபாரம் செய்ய உங்களுக்கு அனுமதி உண்டு என்பதற்கு மேல் அந்தப் பத்திரம் எதையும் சொல்வதில்லை.

ஆகவே அவர்களிடம் நான் வேறொரு கேள்வியைக் கேட்பதுண்டு. உங்களுக்கு உறவும் நட்பும் இல்லாத ஒருவர், நீங்கள் விற்க நினைக்கும் பொருளை முழு விலை கொடுத்து வாங்கி, பிறகு தானாகவே திரும்பி வந்து மறுபடியும் வாங்கியிருக்கிறாரா? பிறந்தநாள் வீட்டில் கேக்கைச் சாப்பிட்டுவிட்டு 'உங்கட கைக்கு ஒரு கடையே போடலாம்' என்று சொல்பவர்கள் மனதாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் அந்தக் கேக்குக்குக் காசு கொடுக்கவில்லை. அதே கேக்குக்கு முட்டை, பட்டர், மின்சாரம், பெட்டி, முச்சக்கரவண்டிக் கூலி, செய்தவரின் ஐந்து மணி நேர உழைப்பு எல்லாவற்றையும் சேர்த்து விலை சொன்னால், பாராட்டியவர்களில் எத்தனை பேர் வாங்குவார்கள் என்பதை வேலையில் இருக்கும்போதே அறிந்துகொள்ள முடியும். சனி, ஞாயிறு நாட்களிலும் மாலை வேளைகளிலும் சிறிய அளவில் விற்றுப் பார்ப்பதற்குப் பெரிய முதல் தேவைப்படாது. நியமனக் கடிதத்தில் வெளிவேலை செய்யக்கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் வாசித்துக்கொள்ள வேண்டும்.

கொழும்பின் மொத்த வியாபாரப் பகுதியான புறக்கோட்டையின் பழைய முறையில் இந்தப் பரீட்சை தானாகவே நடந்து வந்தது. மலையகத்திலிருந்தோ வடக்கு, கிழக்கிலிருந்தோ வந்த ஒரு பையன் மொத்த வியாபாரக் கடையொன்றில் மூட்டை அடுக்குபவனாகச் சேர்வான். பிறகு விற்பனைக்கு நின்று, பில் எழுதி, வெளியூர்க் கடைகளுக்கு ஓடர் எடுக்கப் போய், எந்த ஊர்க் கடைக்காரர் சொன்ன நாளில் காசு தருவார், எவர் இழுத்தடிப்பார், எந்த மாதத்தில் எந்தச் சரக்கு ஏறும் என்பதையெல்லாம் வருடக்கணக்கில் கற்றுக்கொள்வான். அவன் தனிக் கடை போடும் நாளை அவன் மட்டும் தீர்மானிப்பதில்லை. நான்காம் குறுக்குத் தெருவில் இருக்கும் முதலாளி ஒருவர், 'நீ கடையைப் போடு, சரக்கை நான் தாறன், மாசம் கழிச்சுக் காசு தந்தால் போதும்' என்று சொல்லும்போதுதான் அந்த நாள் வந்ததாகக் கொள்ளப்பட்டது. ஈடு எதுவும் வாங்காமல் ஒருவனின் பெயருக்குச் சரக்குக் கொடுக்கும் முதலாளி, அவனது கைச்சுத்தத்தையும் கணக்கறிவையும் நெடுநாள் கவனித்திருப்பார். கணினிச் சேவையோ அழகுக்கலை நிலையமோ கட்டட உள்ளலங்காரமோ தொடங்க நினைக்கும் இன்றைய இளையவருக்கு அப்படி ஒரு முதலாளி இல்லாமல் இருக்கலாம். ஆயினும் வேலையைத் தொடங்குமுன் முற்பணம் தர ஒப்புக்கொண்ட வாடிக்கையாளர் யார், தவணைக்குப் பொருள் தர ஒப்புக்கொண்ட விநியோகஸ்தர் யார் என்று அவரும் தன்னைக் கேட்டுக்கொள்ளலாம். ஒருவருமே இல்லையென்றால் இன்னும் சிறிது காலம் சம்பளத்தில் இருந்துகொண்டு அவர்களைத் தேடுவதே முறை என்பது என் உறுதியான கருத்து.

சம்பளத்தை விடும்போது எதையெல்லாம் விடுகிறோம் என்பதையும் பலர் முழுமையாகக் கணக்கிடுவதில்லை. மாதம் 150,000 ரூபா சம்பளம் பெறும் ஒருவருக்கு, அவரிடமிருந்து கழிக்கப்படும் 8 சதவீதத்துக்கு மேலதிகமாக, தொழில் வழங்குநர் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதமும் செலுத்துகிறார். அதாவது, கண்ணில் படாமலே மாதந்தோறும் 22,500 ரூபா அவர் பெயரில் சேர்ந்துகொண்டிருக்கிறது. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் 5 ஆண்டுகளைப் பூர்த்தி செய்த மாதச் சம்பள ஊழியருக்கு, வேலையை விட்டு விலகும்போது, ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை பெறும் உரிமையை 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் வழங்குகிறது. நான்கரை ஆண்டுகளில் அவசரப்பட்டு விலகினால் அந்த உரிமை இல்லாமற் போகும். சேமலாப நிதியில் உள்ள பணத்தை எடுத்து முதலாகப் போடலாம் என்ற நம்பிக்கையோடு வருபவர்களும் உண்டு. ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயதாகும் வரை, சட்டம் குறிப்பிட்டிருக்கும் சில காரணங்களுக்கு அன்றி அந்தப் பணத்தை எடுக்க முடியாது. சொந்தத் தொழில் தொடங்குவது அந்தக் காரணங்களுள் இடம்பெறவில்லை என்பதை அவர்களுக்குச் சொல்லும்போது, பலரின் திட்டம் அந்த இடத்திலேயே ஆட்டம் காண்கிறது.

அடுத்தது வீட்டுக் கணக்கு. ஒரு கொப்பியை எடுத்து, வீட்டு வாடகை, மளிகை, மின்சாரம், தண்ணீர், பாடசாலை வான், பிரத்தியேக வகுப்பு, அம்மா அப்பாவின் மருந்து, ஏற்கனவே கட்டிக்கொண்டிருக்கும் லீசிங் தவணை, மாதச் சீட்டு, நல்லது கெட்டதுக்குக் கொடுக்கும் பணம் என்று எல்லாவற்றையும் எழுதும்படி நான் சொல்வதுண்டு. கணவன் எழுதிக்கொண்டு வரும் தொகையும் மனைவி எழுதிக்கொண்டு வரும் தொகையும் ஒன்றாக இருப்பது அபூர்வம். அந்த வித்தியாசத்தைப் பேசித் தீர்க்காமல் கடைக்கு முற்பணம் கொடுக்கக்கூடாது. பாடசாலை செல்லும் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு, தொழிலிலிருந்து ஒரு சதம்கூட எடுக்காமல் 12 மாதம் வாழக்கூடிய பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும் என்பது நான் கடைப்பிடிக்கும் அளவு. பெற்றோருடன் வசிக்கும், பொறுப்புக் குறைந்த இளைஞருக்கு 6 மாதம் போதலாம். வேறு கணக்காளர்கள் வேறு அளவு சொல்லக்கூடும். எந்த அளவாக இருந்தாலும் அந்தப் பணத்தைத் தொழிலின் முதலாகக் காட்டக்கூடாது என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. பிள்ளையின் வகுப்புக் கட்டணத்தை எடுத்துச் சரக்குக்குக் கொடுக்கத் தொடங்கும் மாதத்திலிருந்து, வியாபாரம் சார்ந்த ஒவ்வொரு முடிவும் பயத்திலேயே எடுக்கப்படுகிறது. அந்தப் பயத்தில்தான் நட்டத்துக்கு விற்பதும், கூடாத வட்டிக்கு வாங்குவதும் நடக்கின்றன.

வியாபாரத்தின் உட்கணக்கை விளக்க ஓர் உதாரணம் தருகிறேன். தொகைகள் இடத்துக்கு இடம் மாறும். பார்க்க வேண்டிய முறை மாறாது. வெள்ளவத்தையில் சிறிய சாப்பாட்டுக் கடை ஒன்று என்று வைத்துக்கொள்வோம். வாடகை 150,000 ரூபா, இரண்டு ஊழியரின் சம்பளம் 120,000, அவர்களுக்காகச் செலுத்தும் சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியமும் 18,000, மின்சாரம், தண்ணீர், தொலைபேசி 42,000, கடைக்காரர் தனக்கென எடுக்கும் மிகக் குறைந்த சம்பளம் 70,000. மொத்தம் 400,000. ஒருவர்கூடக் கடைக்குள் வராவிட்டாலும் மாத முடிவில் இந்தத் தொகை போயே தீரும். அரிசி, மரக்கறி, எண்ணெய், எரிவாயு, பொதி செய்யும் பெட்டி, மிஞ்சி வீணாகும் உணவு ஆகியவற்றின் செலவு போக நூறு ரூபா விற்பனையில் 25 ரூபா மிஞ்சுகிறது என்றால், இந்த 400,000 ரூபாவை ஈடுகட்ட மாதம் 1,600,000 ரூபாவுக்கு விற்க வேண்டும். 26 நாட்கள் திறந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 61,500 ரூபா. ஒருவர் சராசரியாக 800 ரூபாவுக்கு வாங்கினால் ஒரு நாளைக்கு 77 பேர் வர வேண்டும். இது இலாபமே இல்லாத, நட்டமும் இல்லாத நிலை. கடன் வட்டியை நான் இன்னும் சேர்க்கவில்லை.

இந்த 77 என்ற எண் கையில் வந்த பிறகுதான் இடம் பார்க்கப் போக வேண்டும். நினைத்திருக்கும் கடைக்கு எதிரே, காலையிலும் மதியத்திலும் மாலையிலும், மழை நாளிலும் போயா தினத்திலும் நின்று பார்க்க வேண்டும். தெருவில் நடந்து போகிறவர்களை எண்ணுவதால் பயனில்லை. அதே வகையான பக்கத்துக் கடையிலிருந்து கையில் பார்சலோடு வெளியே வருபவர்களை எண்ண வேண்டும். காலி வீதியில் பஸ் தரிப்பிடத்தை ஒட்டிய பக்கம் நெரிசலாக இருக்கும் அதே நேரத்தில், வீதியின் மறுபக்கம் வெறிச்சோடிக் கிடப்பதை யாரும் காணலாம். வாடகையில் மட்டும் பெரிய வித்தியாசம் இராது. பருவமும் கவனிக்கத்தக்கது. ஆடியிலும் மார்கழியிலும் கலியாணம் இல்லாததால் பட்டுச் சேலைக்கும் மாலை அலங்காரத்துக்கும் வியாபாரம் குறையும். அதே வேளையில் ஜூலை, ஓகஸ்ட், டிசம்பர் மாதங்களில் வெளிநாட்டிலிருந்து வரும் நம்மவர்களால் வேறு சில கடைகளில் கூட்டம் அலைமோதும். தீபாவளி மாதத்து விற்பனையைப் பார்த்துவிட்டு அதைப் பன்னிரண்டால் பெருக்கி ஆண்டுக் கணக்குப் போட்டவர்களின் தாள்கள் என் மேசைக்கு வந்திருக்கின்றன.

விற்பனை நடந்தால் காசு வந்துவிடும் என்ற எண்ணமும் ஆபத்தானது. பொருளை மொத்தமாக வாங்கி வேறு கடைகளுக்கோ அலுவலகங்களுக்கோ கொடுக்கும் தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கும் இடத்தில் 30 நாள் தவணைக்குக் காசோலை கொடுக்கிறோம். விற்கும் இடத்திலிருந்து 75 நாளில் காசு வருகிறது. இடையில் உள்ள 45 நாட்களை யார் சுமப்பது? நாளொன்றுக்கு 30,000 ரூபா கொள்விலையுள்ள சரக்கு ஓடினால், அந்த இடைவெளிக்கு மட்டும் 1,350,000 ரூபா கையில் வேண்டும். வியாபாரம் இரட்டிப்பானால் அந்தத் தொகையும் இரட்டிப்பாகும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடைகள் மூடப்படுவதற்கு நான் கண்ட முதன்மையான காரணம் இதுதான். சரக்கு விற்காமல் மூடியவற்றைவிட, விற்ற காசு நேரத்துக்கு வராமல் மூடியவை அதிகம். கணக்கில் பணம் இல்லை என்று தெரிந்துகொண்டே காசோலை எழுதுவது 1990 ஆம் ஆண்டின் கடன் அறவீட்டுச் சட்டத்தின் கீழ் குற்றமும் ஆகும். ஒருமுறை காசோலை திரும்பினால், புறக்கோட்டையில் அந்தச் செய்தி மாலைக்குள் தெரு முழுவதும் தெரிந்துவிடும். கடன் வாங்கியவர்களின் விபரங்களைத் திரட்டி வைக்கும் கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் பெயர் கெடுவதற்கு முன்பே சந்தையில் பெயர் கெட்டுவிடும்.

வரியைப் பற்றி ஒரு சொல். 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி (வற்) 18 சதவீதம். அந்த வரிக்குப் பதிவு செய்யாத சிறு கடைக்காரர், தாம் வாங்கும் பொருட்களுக்கும் இயந்திரங்களுக்கும் செலுத்திய வரியைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது. அது அவருடைய செலவாகவே நின்றுவிடும். விலைப்பட்டியலைக் கேட்கும்போது 'வற் சேர்த்தா, சேர்க்காமலா' என்று கேட்காமல் திட்டம் போட்டவர்கள், கடையைத் திறக்குமுன்பே மூலதனத்தில் துண்டு விழுவதைக் காண்கிறார்கள்.

ஊழியரைப் பொறுத்தவரை, ஒரே ஒருவரை வேலைக்கு எடுத்தாலும் ஊழியர் சேமலாப நிதி கட்டாயம். அடுத்த மாதத்தின் இறுதி வேலை நாளுக்குள் செலுத்தாவிட்டால் 5 சதவீதத்தில் தொடங்கி, ஓராண்டைத் தாண்டும்போது 50 சதவீதம் வரை மேலதிகக் கட்டணம் ஏறும். 'பிறகு சேர்த்துக் கட்டுவோம்' என்று விட்டுவைத்து, பல ஆண்டுகளின் பின் தொழில் திணைக்களத்தின் கடிதம் வந்ததும் திகைத்து நிற்பவர்களின் கணக்குகளைச் சரிசெய்வது வேதனையான வேலை. அந்த ஊழியர்களின் முதுமைக்கால உணவு அது என்பதால், அதைத் தள்ளிப்போடும் தொழில் தொடங்கப்படாமல் இருப்பதே மேல் என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு.

கூட்டாளிகளாக இறங்கும் நண்பர்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் அவசியமானது. கூட்டு வியாபாரத்தில் ஒருவர் பட்ட கடனுக்கு மற்றவரின் சொந்தச் சொத்தும் பொறுப்பாகும். மூலதனம் ஆயிரம் ரூபாவைத் தாண்டும் கூட்டு ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று 1840 ஆம் ஆண்டிலேயே கொண்டுவரப்பட்ட மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட கடைக் குத்தகையும் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்று சொல்வதும் அதே சட்டம்தான். பல மாத வாடகையை முற்பணமாகக் கொடுத்துவிட்டு ஒரு முத்திரைத் தாளோடு திருப்தியடைபவர்கள், கடைக்குப் பெயர் கிடைத்த பின் உரிமையாளர் மனம் மாறும்போது என்ன செய்வார்கள்?

இனி நான் மிகவும் கனத்த மனதோடு எழுதும் விடயத்துக்கு வருகிறேன். நம் குடும்பங்களில் தொழிலுக்கான முதல், தொடங்குபவரின் சேமிப்பிலிருந்து மட்டும் வருவதில்லை. மனைவியின் தாலிக்கொடி தவிர்ந்த நகைகள் அடகுக்குப் போகும்; தாய் சீட்டைத் தள்ளி எடுத்துக் கொடுப்பார்; வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் அனுப்புவார்; கடைசியாக வீட்டு உறுதி வங்கிக்குப் போகும். 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்க வங்கிக்கடன் அறவீட்டுச் சட்டத்தின் கீழ், குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட கடனைக் கடனாளி திருப்பிச் செலுத்தாவிடின், அவர் ஈடு வைத்த ஆதனத்தை நீதிமன்றம் செல்லாமலே வங்கி ஏலத்தில் விடலாம். பராட்டே என்று நாம் அறிந்திருக்கும் அந்த அதிகாரம், நெருக்கடியில் சிக்கிய சிறு, நடுத்தரத் தொழில்களின் வேண்டுகோளின் பேரில் 2024 இல் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டு, அந்த நிறுத்தம் 2025 மார்ச் 31 வரை நீடிக்கப்பட்டது. நிறுத்தம் முடிவதும் நீடிப்பதும் அரசின் தீர்மானம். உறுதியை வைத்தவருக்கு அதில் எந்தப் பிடியும் இல்லை. மாமனாரோ தாயோ பிணையாக வைத்த வீடு என்றால் வங்கி வழக்கின் வழியாக வரலாம், காலம் கூடலாம், ஆனால் வீடு ஆபத்தில்தான் இருக்கிறது. கம்பனியாகப் பதிவு செய்துவிட்டால் பொறுப்பு வரையறுக்கப்பட்டது என்று நிம்மதி அடைபவர்கள், சிறிய கம்பனிக்குக் கடன் கொடுக்கும் வங்கி பணிப்பாளரின் தனிப்பட்ட பிணையையும் கேட்கும் என்பதை அறிந்திருக்க வேண்டும். அந்தப் பிணையில் கையெழுத்திட்டவுடன், வரையறை என்ற பாதுகாப்பு அந்தக் கடனைப் பொறுத்தவரை நீங்கிவிடுகிறது.

ஆகவே தொழில் முற்றாக விழுந்தால் யார் எதை இழப்பார் என்பதை, இழக்கப்போகிறவர்களுடன் உட்கார்ந்து, பெயர் பெயராக எழுதிப் பார்க்க வேண்டும். அம்மா இருக்கும் வீடு அந்தப் பட்டியலில் இருந்தால், அம்மா அதைத் தெரிந்து சம்மதித்தாரா, அல்லது மகன் கேட்டதால் தலையாட்டினாரா? இந்த நகை, இந்தச் சேமிப்பு, இதற்கு மேல் எடுப்பதில்லை, இத்தனை மாதத்தில் அந்த 77 பேர் வராவிட்டால் நிறுத்துவது என்ற எல்லையையும் தொடங்குமுன்பே எழுதி, வீட்டில் உள்ள இன்னொருவரிடம் கொடுத்து வைக்க வேண்டும். தொடங்கிய பிறகு அந்த எல்லையை வகுக்கும் தெளிவு யாருக்கும் இருப்பதில்லை. இன்னும் ஒரு மாதம் என்று, நாளுக்கு நாள் ஏறும் மீற்றர் வட்டிக்குக் கடன் கொடுப்பவரிடம் போன குடும்பங்களின் நிலையை நான் இங்கே விவரிக்க விரும்பவில்லை.

நல்ல காலத்தை மட்டும் வைத்துத் திட்டமிட இந்த நாடு நம்மை அனுமதித்ததில்லை. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளின் பின் கொச்சிக்கடைப் பகுதியிலும் புறக்கோட்டையிலும் வியாபாரம் எப்படி உறைந்தது என்பதும், 2020 மார்ச் மாத ஊரடங்கும், 2022 இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியதும், 13 மணி நேர மின்வெட்டும், அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டதும், வங்கிக் கடன் வட்டி 25 சதவீதத்தைத் தாண்டியதும் நம் எல்லோருக்கும் தெரியும். மாறும் வட்டிக்குக் கடன் எடுத்திருந்தவர்களின் தவணை, அவர்கள் எந்தத் தவறும் செய்யாமலே உயர்ந்தது. திட்டத்தில் உள்ள விற்பனையை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, கொள்விலையை நான்கில் ஒரு பங்கு கூட்டி, மறுபடியும் கணக்குப் பார்க்கும்படி நான் வற்புறுத்துவது இதனால்தான். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் கடைகள் எரிந்ததைக் கண்ட தலைமுறை, பிள்ளைகள் வியாபாரம் என்றதும் முகம் சுருங்குவதை, பழைய பயம் என்று ஒதுக்கிவிடக்கூடாது. அவர்களின் அச்சத்துக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, தீக் காப்புறுதிப் பத்திரத்தில் வேலைநிறுத்தம், கலகம், பொதுக் குழப்பம் ஆகியவற்றுக்கான காப்பும் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துச் சேர்ப்பது. அது தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டியது; தானாக வருவதில்லை.

இவ்வளவும் எழுதியது யாரையும் தடுப்பதற்காக இல்லை. மறுபக்கத்தில், எல்லாவிதத்திலும் ஆயத்தமாக இருந்தும் தயங்கிக்கொண்டே இருப்பவர்களையும் நான் அறிவேன். இவர்களுள் பெண்கள் அதிகம். வீட்டில் தையல் இயந்திரத்தோடு தொடங்கி, நிரந்தர வாடிக்கையாளர்களைச் சேர்த்து, முற்பணம் வாங்கியே துணி எடுத்து, ஒவ்வொரு சட்டைக்கும் கணக்கு வைத்திருக்கும் ஒருவர், தன்னை 'சும்மா வீட்டில தைக்கிறன்' என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறார். அவருடைய கொப்பியைப் பார்த்தால், கடையைத் திறந்து வைத்திருக்கும் பலரைவிட அவர் தொழிலில் உறுதியாக நிற்பது தெரியும். பிற நாடுகளுக்கு மென்பொருள் வேலை செய்துகொடுக்கும் இளைஞர்களிலும், சம்பளத்துக்கு வெளியே சம்பளத்துக்கு நிகரான வருமானத்தை ஓராண்டுக்கு மேலாகக் கண்டும் நகராமல் இருப்பவர்கள் உண்டு. பெயரைப் பதிந்து, தனி வங்கிக் கணக்கு ஒன்றைத் திறந்து, முறையாகக் கணக்கு வைத்துக்கொண்டு இவர்கள் முன்னே போகலாம். சம்பளச் சீட்டு இல்லாதவரிடம் வங்கி பிறகு கேட்கப்போவது முந்திய ஆண்டுகளின் கணக்கைத்தான் என்பதால், அந்தப் பழக்கத்தைச் சிறிதாக இருக்கும்போதே தொடங்குவது நல்லது.

ஆசிரியர் அவர்களே, தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. தொழில்முனைவோரின் பேட்டிகளை வெளியிடும்போது, முதல் எங்கிருந்து வந்தது, கடை தன் செலவைத் தானே தாங்கத் தொடங்க எவ்வளவு காலம் எடுத்தது, அதுவரை வீடு எதனால் ஓடியது என்ற மூன்று கேள்விகளையும் தங்கள் செய்தியாளர்கள் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். தொழிலை மூடியவர்களிலும், பெயர் குறிப்பிடாமல் பேச முன்வருபவர்கள் இருப்பார்கள். அவர்களின் கணக்கும் அதே பக்கத்தில் வரட்டும்.

மற்றது, தங்கள் பத்திரிகையின் வாயிலாக வங்கிகளிடமும் நிதி நிறுவனங்களிடமும் விடுக்கும் வேண்டுகோள். அரச அலுவலகங்களில் தமிழில் கருமமாற்றும் உரிமை நமக்குச் சட்டப்படி உண்டு. ஆனால் கொழும்பில் தமிழ்க் குடும்பங்கள் கையெழுத்திடும் கடன், ஈடு, பிணைப் பத்திரங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த ஒரு தாய், கிளையின் மேசையில், பத்துப் பதினைந்து பக்கங்களில் பென்சிலால் புள்ளடி இட்ட இடங்களிலெல்லாம் கையெழுத்து வைத்துவிட்டு வீடு திரும்புகிறார். அந்தப் பத்திரங்களின் தமிழாக்கம் ஒன்றைக் கையெழுத்துக்கு ஒரு வாரம் முன்னதாகப் பிணையாளியின் கையில் கொடுத்து, அவர் வீட்டுக்கு எடுத்துச் சென்று வாசித்து, தன் சார்பில் ஒரு சட்டத்தரணியிடம் காட்டிவிட்டு வரும் நடைமுறையை ஒவ்வொரு வங்கியும் ஏற்படுத்த வேண்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. கொழும்பில் உள்ள தமிழ் வர்த்தகச் சங்கங்களும் சட்டத்தரணிகளும் முன்வந்தால், மாதிரித் தமிழாக்கங்களைத் தயாரிக்கும் பணியில் என்னைப் போன்ற கணக்காளர்கள் ஊதியமின்றி உதவ ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
கணக்காளர் ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13